உங்கள் நம்பிக்கையை உங்களுக்கே விளக்குகிறவர்

மதம் பேசுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. தன் நம்பிக்கையைச் சொல்கிறவர் ஒரு வகை. அவரிடமிருந்து தப்பிப்பது சுலபம். கடிகாரத்தைப் பார்த்து "அடடா" என்றால் போதும். உங்கள் நம்பிக்கையை உங்களுக்கே சொல்கிறவர் இன்னொரு வகை. இவரிடமிருந்து தப்ப வழியே இல்லை. நீங்கள் எங்கே ஓடினாலும் உங்கள் நம்பிக்கையும் கூடவே ஓடி வருகிறது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு அவரும் வந்துவிடுகிறார்.

இந்த இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். முடிவெட்டும் கடையில், உங்கள் கழுத்தில் துணியைக் கட்டிய பிறகு, அதாவது எழுந்து ஓட முடியாது என்று உறுதியான பிறகு, பக்கத்து நாற்காலியிலிருந்து திரும்புவார். "நீங்க கிறிஸ்தவரா?" என்பார். தலையாட்டினீர்களோ, தொலைந்தீர்கள். "அப்ப நீங்க என்ன நம்புறீங்கன்னா..." என்று தொடங்குவார். "அப்படி இல்லைங்களே" என்று நீங்கள் இழுத்தால் அவருக்குக் கோபம் வராது. கருணைதான் வரும். ஸ்கேன் ரிப்போர்ட்டை முதலில் பார்த்துவிட்ட டாக்டரின் கருணை. "உங்களுக்குத் தெரியாது. உங்களுக்கு யாரும் சொல்லித் தரல."

எனக்கு வாய்த்தவரின் பெயர் ஆதாரம் அண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. "காலை வணக்கம்" என்றாலும் "ஆதாரம் இருக்கா?" என்று கேட்கிறவருக்கு வேறு என்ன பெயர் நிற்கும்?

நாங்கள் வேலை பார்ப்பது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருக்கும் சலவைக்கூடத்தில். அங்கே நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறவன் நான் ஒருவன்தான். காரணம், நான் பட்டதாரி. எங்கள் வம்சத்தில் முதல் பட்டம். தாவரவியல். எந்த வார்டு விரிப்பு எந்த வண்டியில் போகிறது என்று சீட்டு எழுதி ஒட்டுவதற்குத் தாவரவியல் எதற்கு என்று கேட்காதீர்கள். என் அப்பாவும் அதைத்தான் கேட்கிறார்.

கூடத்தின் நடுவில் தேய்ப்பு மெஷின். இரண்டு ஆள் நீளத்துக்குச் சூடான உருளைகள். துவைத்த விரிப்பின் ஒரு முனையை ஒருவர், மறு முனையை இன்னொருவர் பிடித்து, உதறி, ஓரத்தை நேராக்கி, இரண்டு பேரும் ஒரே நொடியில் உருளைக்குள் விட வேண்டும். ஒருவர் அரை நொடி முந்தினாலும் விரிப்பு கோணலாகப் போய்ச் சுருண்டு சிக்கிக்கொள்ளும். மெஷின் நிற்கும். மேற்பார்வை அக்கா வருவார். அக்கா வந்தால் என்ன ஆகும் என்பதை மெஷினே பயந்துதான் சொல்லும். ஆகவே, எதிரெதிர் முனையைப் பிடிக்கும் அந்த இரண்டு பேருக்கும் கல்யாண ஜாதகத்துக்குக்கூடப் பார்க்காத பொருத்தம் வேண்டும்.

ஆதாரம் அண்ணனுக்கு நான்கு ஜோடிகள் ஓடிவிட்டார்கள். முதல் ஆள் துவைக்கும் பக்கம் மாறிப்போனார். இரண்டாமவர் விடுப்பில் போனவர் விடுப்பிலேயே இருக்கிறார். மூன்றாமவர் தனக்குக் காது கேட்பதில்லை என்று எழுதிக் கொடுத்தார்; அந்தக் கடிதத்தை அக்கா வாசிக்க வாசிக்க, பிழைகளைக் காதால் கேட்டே திருத்தினார். நான்காமவர் வேலையையே விட்டார். ஐந்தாவதாக ஒருவரைக் கொடுக்கும்போது அக்கா தெளிவாகச் சொன்னார்.

"இதான் கடைசி அண்ணே. இவரும் ஓடினார்னா நீங்க பிரிக்கிற அறைக்கு."

பிரிக்கிற அறை என்பது வார்டுகளிலிருந்து அழுக்கு விரிப்புகள் வந்து கொட்டும் இடம். நாள் முழுக்க ஈரத் தரை, குனிந்து நிமிர்கிற வேலை. ஆதாரம் அண்ணனின் வலது முழங்கால் ஏற்கெனவே அவரோடு வாதம் செய்துகொண்டிருந்தது. உலகத்தில் அவர் ஜெயிக்காத ஒரே வாதம் அதுதான். மெஷின் பக்கம் தரை காய்ந்திருக்கும், சாய்ந்து நிற்க ஒரு கம்பி இருக்கும். அந்தக் கம்பியை இழந்தால் அவருக்கு வேலையே போன மாதிரி. அது அவருக்கும் தெரியும், முழங்காலுக்கும் தெரியும். வாய்க்கு மட்டும் தெரியாது.

ஐந்தாவது ஆளின் பெயர் சரி அண்ணன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர். எதற்கும் "சரி" என்பார். மழை பெய்கிறது என்றாலும் சரி, கரண்டு போய்விட்டது என்றாலும் சரி. முதல் நாள் அவரைப் பார்த்ததும் ஆதாரம் அண்ணன் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பெருநாள் பிறைக்குக்கூட அவரிடம் பார்த்ததில்லை.

இங்கே ஒரு தொழில் ரகசியம். எங்கள் விரிப்புகளின் மூலையில் வார்டுக்கு ஒரு நிற நூல் தைத்திருக்கும். எலும்பு வார்டுக்கு நீலம், கண் வார்டுக்கு மஞ்சள், பிரசவ வார்டுக்குப் பச்சை. பச்சை நூல் கையில் பட்டால் போதும், ஆதாரம் அண்ணனுக்குச் சாவி கொடுத்த மாதிரி.

"இதோ பாருங்க. பிறப்புன்னா இது. வலி, ரத்தம், அலறல், பச்சை நூல். கடவுளுக்கு மகன்னு சொல்றீங்களே, இதெல்லாம் அவனுக்கு ஆகுமா?"

"சரி பாய்."

"என்ன சரி? மனைவி இல்லாம மகன் எப்படி? மகன் எதுக்கு? வயசான காலத்துல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வரவா? கடவுளுக்கு வயசாகுதா? முழங்கால் வலிக்குதா?"

"இல்ல பாய்."

"இயேசு அப்பா இல்லாமப் பிறந்தாரு, அதனால மகன்ங்கிறீங்க. அவரு, எங்க ஈசா நபி, அப்பா இல்லாமப் பிறந்தாருன்னு நாங்களும்தான் நம்புறோம். ஆனா ஆதமுக்கு அப்பாவும் இல்ல, அம்மாவும் இல்ல. அப்ப அவரு இன்னும் பெரிய மகனா? சொல்லுங்க!"

"சரி பாய். விரிப்பு கோணுது."

இப்படி ஒரு நாளைக்கு எத்தனை பச்சை நூல் வருமோ அத்தனை முறை. எங்கள் ஊர் ஜனத்தொகை அவருடைய வாதத்துக்கென்றே பெருகிக்கொண்டிருந்தது. நானும் வெள்ளிக்கிழமை தொப்பி போடுகிறவன்தான். அல்லாஹ் ஒருவன், அவனுக்குப் பிள்ளை இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. என் சந்தேகமெல்லாம் ஆதாரம் அண்ணன் மேல்தான். அவர் எதிராளியின் நம்பிக்கையை இடிக்கவில்லை. தானே ஒரு வீட்டைக் கட்டி, அதில் எதிராளியைக் குடிவைத்து, பிறகு அதை இடிக்கிறார். குடிவைக்கப்பட்டவர் "இது என் வீடே இல்லையே" என்றால், "உங்களுக்குத் தெரியாது" என்கிறார்.

என் பட்டத்தை அவர் சாட்சிக்கு இழுத்தது ஒரு தடவைதான்.

"தம்பி பட்டதாரி. அறிவியல் படிச்சவன். தம்பி, நீயே சொல்லு. சேர்க்கை இல்லாம ஒரு உயிர் இன்னொரு உயிரைப் பெத்துக்குமா?"

"பெத்துக்கும் அண்ணே."

"என்னது?"

"செடியில ஒரு கிளையை வெட்டி நட்டா அதுவே வருமே. அப்பா அம்மா யாரும் தேவையில்ல. கிராமத்துல எங்க வீட்டு வேலி முழுக்க அப்படி வந்ததுதான்."

சரி அண்ணன் முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தார். ஆதாரம் அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் என் பட்டம் பாதி கருகிவிட்டது. "நீ போய்ச் சீட்டை ஒட்டு" என்றார்.

அவருடைய மனைவி ஒரு நாள் முழங்கால் தைலம் கொடுக்க வந்தார். வாசலில் நின்று ஐந்து நிமிடம் கேட்டார். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார்: "அல்லாஹ் குர்ஆன்ல நாலே வரியில முடிச்ச விஷயம். நீங்க இருபது வருஷமா பேசுறீங்க. அவனை விட உங்களுக்கு அதிகம் தெரியுமா?" தைலத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார். ஆதாரம் அண்ணன் அவரிடம் மட்டும் ஆதாரம் கேட்பதில்லை.

இப்போது அந்த விண்ணப்பத்துக்கு வருகிறேன்.

ஒரு பட்டதாரி இருக்கும் இடத்தில் எல்லா விண்ணப்பங்களும் அவன் மேசைக்கு வந்து சேரும். அது எழுதாத சட்டம். சரி அண்ணனும் ஒன்றைக் கொண்டுவந்தார். அவர் வீட்டுப் பையனுக்குக் கல்லூரிச் சேர்க்கை. அவர்கள் குடும்பத்தில் முதல் கல்லூரி. அந்தச் சொற்றொடரைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. பேனாவைப் புதிதாக மாற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். பெயர், பிறந்த தேதி, மதிப்பெண் எல்லாம் பையனே எழுதியிருந்தான், மணிமணியாக. ஓர் இடம் மட்டும் காலி. "தந்தை / பாதுகாவலர். பொருந்தாததை அடிக்கவும்." கீழே கோடு. அதற்கும் கீழே, அவரை அறிந்த ஒருவரின் சாட்சிக் கையெழுத்து.

"இது என்ன அண்ணே, விட்டுட்டான்?"

சரி அண்ணன் தாளை என் பக்கம் தள்ளினார். "என் தம்பி பையன்ப்பா அவன். மூணு வயசுல வந்தான். தம்பியும் தம்பி பொண்டாட்டியும் ஒரே விபத்துல போயிட்டாங்க. எல்லாம் அவனுக்குத் தெரியும். மூணு நாளைக்கு முன்னாடி இதைக் கொண்டுவந்து, 'அப்பா, இதுல எதை அடிக்கணும்?'னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னேன்."

"சரியா? அதுக்கு என்ன அர்த்தம்?"

"வேற என்னப்பா சொல்றது? வெள்ளிக்கிழமை கடைசி நாள். நீயே வச்சிரு. யோசிச்சுச் சொல்றேன்."

அன்றைக்குத் திங்கள். விண்ணப்பம் என் மேசை இழுப்பறைக்குள் போனது. சரி அண்ணன் மெஷினுக்குப் போனார். அடுத்த விரிப்பு பச்சை நூல்.

ஆதாரம் அண்ணன் அன்று நல்ல உற்சாகத்தில் இருந்தார். முந்தின இரவு யாரோ ஒருவரின் இரண்டு மணி நேரப் பேச்சை போனில் கேட்டிருக்கிறார். "இன்னிக்கு முடிச்சுடுறேன்" என்று கம்பியில் சாய்ந்துகொண்டார்.

"நீங்க நேரடி அர்த்தத்துல மகன் இல்ல, உறவு மாதிரி, அன்பு மாதிரின்னு சமாளிப்பீங்க. அப்படித்தானே?"

சரி அண்ணன் எதையும் சமாளித்திருக்கவில்லை. விரிப்பை உதறிக்கொண்டிருந்தார்.

"அது செல்லாது. மகன்னா பெத்தவனுக்குத்தான் மகன். பெறாம மகன்னு கூப்பிடுறதெல்லாம் வாய்ப்பேச்சு. ஒருத்தன் வேறொருத்தன் பிள்ளையைக் கூட்டிவந்து சோறு போட்டு, மகனே மகனேன்னு ஆயிரம் தடவை கூப்பிட்டாலும் அவன் மகனாயிடுவானா? ஆதாரம் இருக்கா?"

"சரி" வரவில்லை.

விரிப்பு இரண்டு கைகளுக்கு நடுவில் விறைப்பாக நின்றது. பிறகு ஒரு பக்கம் தொய்ந்தது. சரி அண்ணன் கையை விட்டிருந்தார். ஆதாரம் அண்ணன் தன் முனையைப் பழக்கத்தில் உருளைக்குள் விட்டார். விரிப்பு ஒற்றைக் காலில் போய், சுருண்டு, முறுக்கிக்கொண்டு சிக்கியது. மெஷின் ஒரு முறை கனைத்துவிட்டு நின்றது.

அக்கா வந்தார். சரி அண்ணன் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "என்னைப் பிரிக்கிற அறைக்குப் போட்டுருங்க."

மெஷின் முனையில் காய்ந்த தரையும் கம்பியும் இருக்க, ஈரத் தரைக்கு ஒரு மனுஷன் தானாகக் கேட்டுப் போனது அந்தச் சலவைக்கூடத்தின் வரலாற்றிலேயே முதல் முறை.

அக்காவுக்கு மார்க்க ஞானம் கிடையாது. தண்டனை ஞானம் உண்டு. "அங்க ஒரு ஆளுக்குத்தான் இடம்" என்றார் ஆதாரம் அண்ணனிடம். "வெள்ளிக்கிழமை வரைக்கும் வேற ஜோடி தர்றேன். அதுக்குள்ள அவரைச் சமாதானம் பண்ணிக் கூட்டிட்டு வாங்க. இல்லன்னா அவரு இங்க, நீங்க அங்க."

வேறு ஜோடியாக வந்தவர் பெயர் வசனம். துவைக்கும் பக்கத்து ஆள். சட்டைப் பையில் எப்போதும் பத்துத் துண்டுப் பிரசுரம் வைத்திருப்பார். சரி அண்ணன் போகிற கோயிலுக்கே போகிறவர்தான். அங்கேயும் இவர் உட்காரும் வரிசையில் இடம் தாராளமாகக் கிடைக்குமாம். இந்த இனம் ஒரு மதத்துக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்துவிடாதீர்கள். கரப்பான்பூச்சி மாதிரி, எல்லா வீட்டுச் சமையலறையிலும் உண்டு.

"பாய், நீங்க எதுக்கு அஞ்சு வேளை தொழுறீங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரியாது. நான் சொல்றேன். பயம். உங்க மார்க்கத்துல கடவுள் முதலாளி, நீங்க வேலையாள். அன்புங்கிற பேச்சே கிடையாது."

"அப்படி யாரு சொன்னா? எங்க ஒவ்வொரு தொழுகையிலயும் அவனை அருளாளன்னு..."

"உங்களுக்கு அப்படிச் சொல்லி வச்சிருக்காங்க. உள்ளுக்குள்ள உங்களுக்கு அவரை அப்பான்னு கூப்பிடணும்னு ஆசை. வாய் வரல."

"எனக்கு அப்படி ஆசையே இல்லைய்யா!"

"இருக்கு பாய். உங்களுக்கே தெரியாது." வசனம் கருணையோடு புன்னகைத்தார். "ஆதாரம் இருக்கு."

நான் மேசைக்கு அடியில் பேனாவைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். வெளியே வர நேரமாயிற்று.

செவ்வாய் முழுக்க வசனம். புதன் முழுக்க வசனம். வியாழன் சாப்பாட்டு நேரத்தில் ஆதாரம் அண்ணன் என் மேசைக்கு வந்து பொத்தென்று உட்கார்ந்தார். நான் பார்த்த வரையில், பேசிப் பேசிக் களைத்தவர் அல்ல அவர். கேட்டுக் கேட்டுக் களைத்திருந்தார்.

"நாம நம்பாததையெல்லாம் நம்புறோம்னு சொல்றான் தம்பி. இல்லன்னு சொன்னா கேக்க மாட்டேங்கிறான். இப்படி ஒரு மனுஷன் இருப்பானா?"

"இருப்பாங்க அண்ணே" என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் குரலை இறக்கினார். "அவரு எதுக்குப் போனாரு? அன்னிக்குப் புதுசா ஒண்ணும் சொல்லலையே. வழக்கமாச் சொல்றதுதானே?"

இழுப்பறையைத் திறந்து விண்ணப்பத்தை அவர் முன்னால் வைத்தேன். காலி இடத்தைக் காட்டினேன். தம்பி, விபத்து, மூன்று வயது, எல்லாம் சொன்னேன். அவர் ஆதாரம் கேட்கவில்லை. தாளை இரண்டு தடவை வாசித்தார். சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே எழுந்தார்.

பிரிக்கிற அறை வரைக்கும் அவர் ஈரத் தரையில் நடந்து போனதைப் பார்த்தால் உங்களுக்கே முழங்கால் வலிக்கும். விண்ணப்பத்தோடு நானும் பின்னால் போனேன். சரி அண்ணன் விரிப்புக் குவியலுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

"மூணு விஷயம் சொல்லணும்" என்று தொடங்கினார் ஆதாரம் அண்ணன்.

அறையின் மறுகோடியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "ஒண்ணு போதும் அண்ணே!"

ஆதாரம் அண்ணன் விரல்களை மடக்கிக்கொண்டார். வாழ்க்கையில் முதல் முறையாகச் சொல் தேடினார். "எனக்குத் தெரியாது" என்றார். "பையன் விஷயம் எனக்குத் தெரியாது. கேட்டிருக்கணும். நான் எப்ப யாரைக் கேட்டேன்?"

சரி அண்ணன் குவியலிலிருந்து ஒரு விரிப்பை உருவி வேறு பக்கம் போட்டார்.

"அநாதைப் பிள்ளையை வளர்த்தவருக்கு எங்க மார்க்கத்துல என்ன இடம் தெரியுமா? அதுக்கு ஆதாரம்..." நிறுத்திக்கொண்டார். "இப்ப வேணாம். தம்பி, அந்தத் தாளைக் குடு. சாட்சி யாரு?"

"இன்னும் யாரும் இல்ல அண்ணே."

"நான் போடுறேன்."

மூட்டை மேல் தாளை வைத்தார். பேனா நேராகக் கையெழுத்து இடத்துக்குப் போகவில்லை. "தந்தை / பாதுகாவலர். பொருந்தாததை அடிக்கவும்" என்ற இடத்துக்கு மேல் போய் நின்றது. இந்த மனுஷனை எனக்குத் தெரியும். தவறென்று ஒரு சொல் கண்ணில் பட்டால் அடிக்காமல் விட்டவர் இல்லை. அவர் மார்க்கத்தின்படி எதை அடிக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். வளர்த்தவர் வேறு, பெற்றவர் வேறு என்பதில் அவருக்கு இம்மியும் சந்தேகம் இல்லை. சரி அண்ணனும் அந்தப் பேனா முனையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேனா கீழே இறங்கியது. ஆதாரம் அண்ணன் சாட்சிக் கோட்டில் தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேலே இரண்டு சொற்களும் அப்படியே இருந்தன.

"எதையும் அடிக்கலையே பாய்?" என்றார் சரி அண்ணன்.

"அது உங்களுக்கும் பையனுக்கும் நடுவுல இருக்கிறது. நான் எதுக்கு அடிக்கணும்?" தாளை என்னிடம் நீட்டினார். பிறகு, கேட்கவே கூடாது என்று அடக்கிப் பார்த்தும் முடியாமல், "உங்க மகன் என்ன படிக்கப் போறான்?" என்றார்.

"தாவரவியல்" என்றார் சரி அண்ணன்.

"ஐயோ பாவம்" என்றார் ஆதாரம் அண்ணன்.

அந்த இரண்டு சொற்களுக்கும் கீழே இருந்த கோட்டில் சரி அண்ணன் தன் பெயரை எழுதினார். வெள்ளிக்கிழமை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அலுவலகத்தில் யாரும் இரண்டு சொற்களும் அடிக்கப்படாமல் இருப்பதைக் கவனிக்கக்கூட இல்லை. முத்திரையைக் குத்தி உள்ளே போட்டார்கள். பையனுக்கு இடம் கிடைத்தது.

மறுபடியும் மெஷினில் அவர்கள் இரண்டு பேரும். முதல் நாள் மௌனம் பதினோரு விரிப்புகள் வரைக்கும் தாங்கியது. பன்னிரண்டாவது பச்சை நூல். ஆதாரம் அண்ணனின் தொண்டை அசைவதை என் மேசையிலிருந்தே பார்த்தேன்.

"மகன்ங்கிறதுல எனக்கு உடன்பாடு கிடையாது. அது எப்பவும் கிடையாது."

"சரி பாய்."

"ஆனா ஒண்ணு கேக்கலாமா? நீங்க அந்த வார்த்தையைச் சொல்லும்போது, என்ன நினைச்சுச் சொல்றீங்க?"

சரி அண்ணன் நான்கு விரிப்புகளுக்கு யோசித்தார். ஆதாரம் அண்ணன் நான்கு விரிப்புகளுக்கு வாயைத் திறக்கவில்லை. தொழில் ரீதியாக இது உலக சாதனை.

"முழுசாச் சொல்லத் தெரியல பாய். ஆனா ஒண்ணு. பிரசவ வார்டு எங்க ஞாபகத்துக்கே வந்ததில்ல. அது நீங்க சொல்லித்தான் வருது."

ஐந்தாவது விரிப்பு நேராகப் போயிற்று.

இந்த இனத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டீர்கள். நல்லது. ஒரு சின்னச் சோதனை மட்டும் செய்துகொள்ளுங்கள். ஆதமைப் பற்றிய அந்தக் கேள்வி வந்தபோது, "அதற்கு நல்ல பதில் ஒன்று இருக்கிறதே, அந்தச் சரி அண்ணனுக்குச் சொல்லத் தெரியவில்லையே" என்று உங்களுக்குத் தோன்றியதா? அல்லது, "ஆதாரம் அண்ணன் அந்த இடத்தில் விட்டிருக்கக் கூடாது, இன்னொரு கேள்வி போட்டிருக்கலாமே" என்று கை துறுதுறுத்ததா? இரண்டில் எதுவாக இருந்தாலும், ஒரு நிமிடம் தலையைத் தூக்கி, வீட்டிலோ வேலையிடத்திலோ உங்கள் எதிர் முனையைப் பிடித்திருப்பவரைப் பாருங்கள்.

அவர் கொஞ்ச நாளாக எல்லாவற்றுக்கும் "சரி" என்று சொல்கிறாரா?

அவர் கையைப் பாருங்கள். இன்னும் விடவில்லையே?